ஒரே கல்யாணம், ஒரே தேதி, ஒரே பெயர்: வெளிநாட்டவரை மணக்கப்போகும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

"அண்ணே, பொண்ணு பிலிப்பைன்ஸ். கல்யாணத்தை எங்கே வச்சுக்கிட்டா நல்லது?"

நம் ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலிருந்து தொண்டி வரைக்கும், மாதம் ஒரு போனாவது இப்படி வந்துவிடும். சில நேரம் பெண் பிலிப்பைன்ஸாக இருக்கும், சில நேரம் மாப்பிள்ளை மலேசியாவாக இருக்கும். நான் வக்கீல் இல்லை. அபுதாபியில் ஏசி மெக்கானிக்காக இருந்து, அங்கே நர்ஸாக வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபு தீவுக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். எங்கள் கல்யாணம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்தச் சான்றிதழை மூன்று நாடும் ஏற்றுக்கொள்வதற்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் பாதி என் அறியாமையால் போனது. அந்தப் பாதியை நீங்கள் மிச்சப்படுத்தலாம்.

போன் செய்கிற தம்பியிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: "அந்தச் சான்றிதழை நாளைக்கு எந்த நாட்டுக் கவுன்டரில் நீட்டப் போறே?"

எங்கே கல்யாணம் என்பது இரண்டாவது கேள்வி. ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: உங்கள் நாடு, அவர் நாடு, இருவரும் அடுத்த ஐந்து வருடம் இருக்கப்போகிற நாடு. அந்த மூன்றாவது நாட்டில் குடும்ப விசாவுக்கு என்னென்ன தாள் கேட்பார்கள் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். முகூர்த்தம் பார்ப்பது, மண்டபம் பிடிப்பது எல்லாம் அதற்கு அப்புறம்.

பெயரில்தான் பாதி வேலை

பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் நான்கையும் மேஜையில் பரப்பி வைத்து, உங்கள் பெயரையும் அப்பா, அம்மா பெயரையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அவசரம் வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு ஒரு சாயங்காலத்தை ஒதுக்குங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ரேஷன் கார்டில் 'மு. கார்த்திக்' என்று இருக்கும். மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எம்'. பாஸ்போர்ட்டில் பெயர் கார்த்திக், குடும்பப் பெயர் முனியசாமி. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற எழுத்தருக்கு அது மூன்று பேர். இன்னும் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே காலியாக இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா, விசிட் விசாவில் நுழைவு கிடையாது என்று சொன்னபோது நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் விமான நிலையத்தில் விழித்தார்கள் என்பது ஞாபகம் இருக்கும். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு தப்பித்தார்கள்.

ஊர்ப் பெயரும் காலை வாரும். கீழக்கரையில் உள்ள 'ழ'வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதில் இரண்டு அலுவலகம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஒரு தாளில் ராமநாதபுரம், இன்னொன்றில் ராம்நாடு. இரண்டும் ஒரே ஊர்தான் என்று மணிலாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? பெற்றோரின் சான்று கேட்கும் நாடுகளும் உண்டு. உங்கள் அம்மா 1985க்கு முன் விருதுநகரிலோ சிவகங்கையிலோ பிறந்திருந்தால், அவருடைய பழைய சான்றில் மாவட்டம் ராமநாதபுரம் என்றுதான் இருக்கும். அன்றைக்கு எல்லாம் ஒரே மாவட்டம். இதை விளக்கி ஒரு பத்தி எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எழுதிக் கொடுத்தேன்.

எதை எதற்குப் பொருத்துவது? வெளிநாட்டு அரசு நம்புவது பாஸ்போர்ட் ஒன்றைத்தான். அதனால் மற்ற எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்குப் பொருத்துங்கள். பாஸ்போர்ட்டே தப்பு என்றால் கல்யாணப் பேச்சுக்கு முன்னாலேயே அதைத் திருத்திவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு மதுரை மண்டல அலுவலகம்தான். எழுத்து வித்தியாசம் சின்னதாக இருந்தால் 'இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்தால் பல இடங்களில் போதும். பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும்.

மொழிபெயர்ப்பில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். சான்றிதழை அரபிக்கு மாற்றிக் கொடுத்த ஒரு கடையில், என் அப்பா பெயரில் ஒரு 'ய' விழுந்துவிட்டது. முனியசாமி, முனிசாமி ஆகிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். மூன்று முத்திரை விழுந்த பிறகு நான்காவது கவுன்டரில் இருந்த அம்மா கண்டுபிடித்தார். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். நான்கு மாதம் போனது. அரபியில் நம் வல்லின 'ப' ஒலிக்கு எழுத்தே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரமக்குடி, பாம்பன், பழனி எல்லாம் அங்கே வேறு மாதிரிதான் போய் விழும். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, 'இதில் உள்ள ஆங்கில எழுத்துப்படி' என்று சொல்லி, அச்சாகும் முன் திரையில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். காசு நம்முடையது.

கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று பெண்கள் கேட்கிறார்கள். மாற்றாதீர்கள். எந்தச் சட்டமும் உங்களை மாற்றச் சொல்லவில்லை.

பிறந்ததற்குச் சான்று, கட்டாததற்குச் சான்று

பிறப்புச் சான்று இல்லாதவர்கள் நம் கடற்கரையில் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவச்சி கையில் வீட்டிலேயே பிறந்து, யாரும் போய் எழுதாமல் விட்ட பிள்ளைகள். பிறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டால் வருவாய்த் துறை வழியாக உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகம் ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் இருக்கிறது, உங்கள் தாலுகா எதில் வருகிறதோ அங்கே போங்கள். பெயர் இல்லாமல் 'ஆண் குழந்தை' என்று மட்டும் பதிவாகியிருந்தால் பெயர் சேர்க்க வேண்டும். இந்த வேலை மாதக் கணக்கில் இழுக்கும். காதலைச் சொன்ன அன்றைக்கே தொடங்கினாலும் தப்பில்லை என்று நான் பையன்களிடம் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

அடுத்தது திருமணமாகாதவர் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) பார்த்து, தாசில்தாரிடமிருந்து வரும். நீங்கள் பல வருடமாக வெளிநாட்டில் இருந்தால் வி.ஏ.ஓ. நியாயமாகவே கேட்பார்: "தம்பி, இங்கே கட்டலைன்னு நான் எழுதலாம். அங்கே கட்டலைன்னு நான் எப்படி எழுதுறது?" அதனால் வெளிநாட்டில் இருந்த காலத்துக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் உறுதிமொழி கொடுத்து ஒன்று வாங்குங்கள். இந்தச் சான்றுக்கு ஆயுள் குறைவு. பெரும்பாலான அலுவலகங்கள் சில மாதத்துக்குள் வாங்கியதைத்தான் ஏற்கும். முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள், மற்ற தாள்கள் தயாரான பிறகு வாங்குங்கள்.

அவர் பக்கத்திலும் இதே தாள்கள் வேண்டும். பிலிப்பைன்ஸ் என்றால் அந்நாட்டுப் புள்ளியியல் ஆணையம் கொடுக்கும் பிறப்புச் சான்று, 'செனோமார்' என்று அவர்கள் சொல்லும் திருமணப் பதிவின்மைச் சான்று. இந்தியாவில் கல்யாணம் என்றால் அவர் தூதரகம் தரும் 'இவர் மணம் முடிக்கத் தடையில்லை' என்ற சான்று. அவருக்கு முன்பு கல்யாணம் ஆகி முடிந்திருந்தால் விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்று. நம் பிள்ளைகள் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், 'சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்ணே' என்று. முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மாப்பிள்ளையின் மணமாகாத சான்று அசலைக் கண்ணால் பார்க்காமல் பந்தக்கால் நடாதீர்கள். கவுன்டரில் கேட்பதை வீட்டிலும் கேட்கலாம்.

முத்திரை வரிசை

ஒரு நாட்டுத் தாளை இன்னொரு நாடு நம்ப, நடுவில் முத்திரை வேண்டும். இதில் இரண்டு வழி உண்டு.

ஒன்று அப்போஸ்டில். 1961இல் ஹேக் நகரில் போட்ட ஒப்பந்தம். அதில் சேர்ந்த நாடுகள் ஒருவர் தாளை ஒருவர் ஒரே ஒரு முத்திரையோடு ஏற்றுக்கொள்ளும். இந்தியா 2005 முதல் இருக்கிறது. ஓமனும் பஹ்ரைனும் இருக்கின்றன, பிலிப்பைன்ஸ் 2019இல் வந்தது, சிங்கப்பூர் 2021இல், சவுதி 2022இல். முதலில் மாநில அரசின் உறுதிப்பாடு, அப்புறம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். அமைச்சகத்தில் நாமே நேராகக் கொடுக்க முடியாது, அவர்கள் நியமித்த சேகரிப்பு நிறுவனங்கள் வழியாகத்தான். அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் ஒருவர் கேட்டால் அது அவருடைய அலைச்சல் கூலி. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். நான் சேது எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய் நானே செய்தேன். இரண்டு முறை போக வேண்டியிருந்தது.

இரண்டாவது, பழைய வழியான சங்கிலி. அமீரகம், கத்தார், குவைத் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. நம் தாள் அமீரகத்துக்குப் போக மாநிலம், வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், அப்புறம் அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு படி. அங்கே வாங்கிய கல்யாணச் சான்று இங்கே வர, அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். ஜெர்மனி தனிக் கதை. ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தியாவின் அப்போஸ்டிலை அது ஏற்பதில்லை, தன் தூதரகம் மூலம் தாளைத் தனியாகச் சரிபார்க்கும்.

இன்னொன்று, லேமினேட் செய்யாதீர்கள். உப்புக் காற்றில் தாள் நைந்துவிடும் என்று நம் வீடுகளில் ஜாதகத்தைக்கூட லேமினேட் செய்து வைத்திருப்போம். என் பிறப்புச் சான்றையும் அப்படித்தான் ஆத்தா பத்திரப்படுத்தி வைத்திருந்தார். முத்திரையும் அப்போஸ்டில் வில்லையும் தாளின் மேலேயேதான் விழ வேண்டும், பிளாஸ்டிக் மேல் யாரும் போடமாட்டார்கள். புது நகல் வாங்கி வந்து கொடுத்தபோது ஆத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊரிலேயே செய்வதென்றால்

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. 'கோயிலில் தாலி கட்டினோம், நூறு பேர் பார்த்தார்கள், ரிஜிஸ்டர் ஆகாமலா போகும்?' என்று நினைக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவும் அப்படித்தான். மலேசியத் தமிழ்ப் பெண், மொரிஷியஸ் மாப்பிள்ளை, இருவரும் இந்து என்றால் சிக்கல் இல்லை. கட்டுங்கள், பிறகு பதியுங்கள். கத்தோலிக்கப் பெண்ணுக்கு ராமேசுவரத்தில் தாலி கட்டிவிட்டு இந்துத் திருமணமாகப் பதியப் போனால் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். அனுப்பாமல் பதிந்துவிட்டால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் அந்தத் தாள் நிற்காது.

மதம் வேறு என்றால் வழி 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இதில் குடியுரிமை தடையில்லை, ஒருவர் வெளிநாட்டவராக இருக்கலாம். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 ஆகியிருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால் பலகையில் ஒட்டுவார்கள். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள். அது கழிந்ததும், நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகள் முன் கல்யாணம். மூன்று மாதம் தாண்டினால் புதிய நோட்டீஸ், மறுபடி 30 நாள். 'இவரைச் சட்டப்படி கணவராக', 'மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் தமக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். தமிழே தெரியாதவரைத் தமிழில் ஒப்பிக்க வைக்காதீர்கள்.

அந்தப் பலகை விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரகசியமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. கீழக்கரையில் காலையில் ஒட்டினால் மதியச் சாப்பாட்டுக்குள் துபாய்க்குத் தெரிந்துவிடும். வீட்டில் சொல்வதாக இருந்தால் நோட்டீஸுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

விசாக் கணக்கையும் பாருங்கள். அவர் 30 நாள் சுற்றுலா இ-விசாவில் வந்து இறங்கினால், நோட்டீஸ் காலம் முடிவதற்குள் விசா முடிந்துவிடும். ஒரு வருட அல்லது ஐந்து வருட இ-விசா எடுக்கச் சொல்லுங்கள். ஆடி, மார்கழி தள்ளி முகூர்த்தம் குறிக்கிற வீடு என்றால் 30 நாள் நோட்டீஸ், மூன்று மாத எல்லை, விசாத் தேதி மூன்றையும் நாட்காட்டியில் குறித்து, அதற்குள் ஜோசியரை நாள் பார்க்கச் சொல்லுங்கள். பத்திரிகை அச்சடிப்பது நோட்டீஸ் ஏற்கப்பட்ட பிறகு.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. இருவரில் ஒருவர் கிறிஸ்தவர் என்றாலே 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி செய்யலாம். ஓலை வாசிப்பது, அதாவது கல்யாணத்தைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிப்பது, எத்தனை நாள் பிடிக்கும் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்நியப் பங்கிலிருந்து வர வேண்டிய கடிதங்கள் தாமதமாகும். இருவரும் முஸ்லிம் என்றால் நிக்காஹ் செல்லும். ஆனால் ஜமாஅத் பதிவேட்டின் நகலை வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் தூதரகத்தில் நிற்காதீர்கள். எந்த மதமாக இருந்தாலும் தமிழ்நாட்டில் நடந்த கல்யாணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. அந்த அரசுச் சான்றுதான் வெளிநாட்டில் பேசும்.

வேலை பார்க்கும் நாட்டில்

எங்களுக்கு இது வசதியாக இருந்தது. அபுதாபியில் 2021இல் முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவருக்கென்று தனிக் குடும்பச் சட்டம் வந்தது. சிவில் குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் நேரில் போய், முந்தைய திருமண நிலையை அறிவித்து, கையெழுத்துப் போட்டால் அரபியிலும் ஆங்கிலத்திலும் சான்று தருகிறார்கள். மற்ற அமீரகங்களுக்கும் இதே போன்ற கூட்டாட்சிச் சட்டம் 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. சட்டம் மாறுவதற்கு முன் கல்யாணத்துக்காகவே ஊருக்குப் பறந்து வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. அங்கே வயது வரம்பு எதுவாக இருந்தாலும், இந்திய ஆணுக்கு 21 ஆகியிருக்கட்டும். இல்லையென்றால் நம் பக்கம் வரும்போது தொல்லை.

இருவரும் வேறு வேறு நாட்டில் மாட்டிக்கொண்டால் மூன்றாவது நாடு. ஜார்ஜியாவில் பாஸ்போர்ட்டும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும், சான்றுக்கு அங்கேயே அப்போஸ்டிலும் போட்டுவிடலாம். டென்மார்க்கும் வெளிநாட்டு ஜோடிகளுக்குப் பேர்போனது, ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதிச் சான்று வாங்க வேண்டும். டிக்கெட் செலவைச் சேர்த்தால் நம் சம்பளத்துக்கு இரண்டுமே கொஞ்சம் அதிகம்தான்.

இந்தியத் தூதரகத்திலேயே கல்யாணம் செய்ய 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். ஒருவர் அங்கே 30 நாள் வசித்திருக்க வேண்டும், நோட்டீஸ், 30 நாள் ஆட்சேபக் காலம், மூன்று சாட்சிகள், கிட்டத்தட்ட நம் சிறப்புத் திருமணச் சட்டம் போலவே. அந்த நாட்டுச் சட்டம் தடுக்கிற கல்யாணம் என்றால் தூதரகம் மறுத்துவிடலாம். இந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவுதான் பலருக்குத் தெரியாதது. அந்த நாட்டுச் சட்டப்படி ஏற்கெனவே கல்யாணம் முடித்திருந்தால், அதை இந்தியத் திருமண அதிகாரியிடம் பதிவு செய்ய அது வழி தருகிறது. ஊரில் இரண்டாவது கல்யாணப் பதிவுக்கு அலைவதை இது தவிர்க்கும். நாளைக்கு மணமுறிவு என்று வந்தாலும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் பரிகாரங்கள் கிடைக்கும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், அல்லது முன்பு இருந்தவர், சிங்கப்பூர்க் குடியுரிமையாளரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். 'அங்கே பண்ணினாத்தானே, ஊருக்கு வந்து பண்ணிக்கிறோம்' என்று கிளம்பாதீர்கள். கல்யாணம் எந்த நாட்டில் நடந்தாலும் அந்த அனுமதி வேண்டும். பெர்மிட் ரத்தாகி ஊர் திரும்பியவருக்கும் இது பொருந்தும். அனுமதி இல்லாமல் தாலி கட்டியவர் இங்கேயும் மனைவி அங்கேயுமாக இருக்கிற வீடு ஒன்று எனக்குத் தெரியும். மலேசியாவிலும் தொழிலாளர் பாஸில் இருப்பவர் உள்ளூர்க்காரரை மணப்பதற்குப் பாஸ் நிபந்தனையே தடையாக நிற்கும். முதலில் பாஸ், பிறகு பரிசம்.

இரண்டு தேதி வேண்டாம்

நான் செய்த பெரிய தப்பு இதுதான். மார்ச்சில் அபுதாபியில் சட்டப்படி கல்யாணம். மே மாதம் ஊரில் தாலி, பந்தல், மொய் எல்லாம். ஆத்தாவுக்கு அதுதான் கல்யாணம். 'கோர்ட்டுல கையெழுத்துப் போட்டதெல்லாம் கல்யாணமா?' என்றார். சரி, ஊர்த் தேதியிலும் ஒரு சான்று இருந்தால் பலம்தானே என்று ஒருவர் சொல்ல, அதையும் பதியலாமா என்று விசாரிக்கப் போனேன். அங்கிருந்த வயதான எழுத்தர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் மறுபடி கல்யாணம் பண்ணிக்க முடியாது. மே மாசம் நீங்க மணமாகாதவர்னு எழுதிக் கொடுத்தா அது பொய்."

அவர் தடுத்திருக்காவிட்டால் என்னிடம் இரண்டு தேதியில் இரண்டு சான்று இருந்திருக்கும். விசா அதிகாரி முதலில் கேட்பதே 'எப்போது கல்யாணம்?' என்பதுதான். கணவன் மார்ச் என்றும் மனைவி மே என்றும் சொன்னால் அதோடு முடிந்தது. ஆனாலும் நான் முழுதாகத் தப்பவில்லை. பத்திரிகையில் 'திருமணம்' என்று அச்சடித்து, மே தேதி போட்ட ஆல்பத்தை விண்ணப்பத்தோடு வைத்துவிட்டேன். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, அதற்குப் பதில் போட்டு முடிக்க ஆறு வாரம்.

ஆகவே ஒன்று, ஊர்ச் சடங்கை முதலில் வைத்து அதையே சட்டப்படி பதியுங்கள். அல்லது, வெளியில் செய்துவிட்டு ஊரில் விருந்து வைத்து, பத்திரிகையில் 'வரவேற்பு' என்று போடுங்கள். தாலி கட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. பதியாதீர்கள். எந்தப் படிவத்திலும் இருவரும் ஒரே தேதியை எழுதுங்கள்.

கட்டிய பிறகு

அவர் நாட்டுக்கும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸ் குடிமக்கள் வெளிநாட்டில் மணந்தால் தங்கள் தூதரகத்தில் திருமண அறிக்கை கொடுக்க வேண்டும். மலேசியர், முஸ்லிம் அல்லாதவர் என்றால் ஆறு மாதத்துக்குள் தங்கள் தூதரகத்திலோ ஊர் திரும்பித் தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால் அவர் நாட்டில் அவர் இன்னும் கன்னிதான். குழந்தை பிறந்த பிறகுதான் அந்தச் சிக்கல் தெரியும்.

இந்தியாவில் வந்து இருப்பதென்றால் இந்தியரின் வாழ்க்கைத் துணைக்கு எக்ஸ் விசா என்ற நுழைவு விசா உண்டு. ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு, பதிவான திருமணம் இரண்டு வருடம் தொடர்ந்து நிலைத்திருக்க வேண்டும். குடியுரிமை என்றால் இந்தியாவில் ஏழு வருடம் வசித்த பிறகுதான் விண்ணப்பம். பாகிஸ்தான், பங்களாதேஷ் தொடர்பு உள்ளவர்களுக்கு ஓ.சி.ஐ. கிடையாது.

மண்டபம் அகதிகள் முகாமில் பெண் எடுத்தவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். இலங்கைத் தமிழ்ப் பிள்ளையைக் கட்டினால் கல்யாணம் செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம், தவறாமல் பதியுங்கள். ஆனால் கல்யாணத்தால் குடியுரிமை தானாக வராது. உரிய பயண ஆவணம் இல்லாமல் கடல் கடந்து வந்தவரைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்ற வகையில் பார்க்கிறது, ஏழு வருடக் கணக்கும் அவருக்கு ஓடாது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் குடியுரிமையையும் அது தொடும். இதற்கு என்னைப் போன்றவன் போதாது, குடியுரிமை வழக்குப் பார்த்த வக்கீலையே பாருங்கள்.

கடைசியாக, அவர் முதல் முறை உங்கள் வீட்டில் வந்து தங்கும் நாள். மருமகளாகவே இருந்தாலும் வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால், தங்க வைத்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர், முன்பு சி படிவம் என்று சொன்ன தங்கல் விவரப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். லாட்ஜுகள் இதை வழக்கமாகச் செய்யும், வீட்டில் யாருக்கும் தோன்றாது. இணையத்திலேயே பதியலாம். மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பு எஸ்.பி. அலுவலகம். ஆரத்தி எடுத்து, சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பாடு முடிவதற்குள் ராத்திரி ஆகிவிடும். அதனால் ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கி வண்டியில் வரும்போதே, பாஸ்போர்ட்டையும் விசாவையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.